ஆடியோ கம்பெனியை விட்டு வந்து சொந்த லேபிள் தொடங்குவது எப்படி

சொந்த லேபிள், அதாவது பாட்டுகளைத் தாங்களே வெளியிடும் நிறுவனம், ஆரம்பிக்க நினைக்கும் பாடகர்கள் பெரும்பாலும் லோகோவிலிருந்துதான் தொடங்குகிறார்கள். பெயர் வைப்பது, இன்ஸ்டாகிராம் பக்கம் திறப்பது, நண்பர்களுக்குச் சொல்வது எல்லாம் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். அதற்கு முன்னால் பழைய அக்ரிமென்ட்டைத் தேடி எடுக்க வேண்டும். இதுவரை வந்த பாட்டுகளில் எது உங்களுடையது, எது கம்பெனியுடையது என்று பிரித்துப் பார்க்காமல் லேபிள் தொடங்கினால் கையில் மிஞ்சுவது ஒரு பெயர்ப்பலகைதான்.

ஒரு கம்பெனியுடன் சில தனிப்பாட்டுகள் செய்து, ஓரளவு பெயர் வாங்கி, இனி நாமே பார்த்துக்கொள்ளலாம் என்ற நிலைக்கு வந்திருக்கும் பாடகர், இசையமைப்பாளர், ராப் கலைஞர்களுக்காக இதை எழுதுகிறேன். சொல்லியிருக்கும் சட்டம் இந்தியாவுடையது. மலேசியா, சிங்கப்பூர், கனடாவில் இருப்பவர்களுக்குச் சட்டப் பிரிவுகளும் சங்கங்களும் மாறும்; செய்ய வேண்டிய வேலையின் வரிசை பெரிதாக மாறாது.

முதலில்: ஒரு பாட்டில் என்னென்ன உரிமை இருக்கிறது

ஒரு பாட்டு என்று நாம் சொல்வதற்குள் தனித்தனிச் சொத்துகள் இருக்கின்றன. மெட்டு ஒன்று, வரிகள் ஒன்று. இவற்றை இசைப்படைப்பு, இலக்கியப் படைப்பு என்று சட்டம் பிரிக்கிறது. தொழிலில் இரண்டையும் சேர்த்துப் பப்ளிஷிங் என்பார்கள். அந்த மெட்டையும் வரியையும் பாடிப் பதிவு செய்த ஒலிப்பதிவு இன்னொரு சொத்து. இதுதான் மாஸ்டர். இவை தவிர, பாடியவருக்கும் வாசித்தவருக்கும் நிகழ்த்துநர் உரிமை உண்டு.

1957-ஆம் ஆண்டு காப்புரிமைச் (காபிரைட்) சட்டப்படி, மெட்டும் வரியும் எழுதியவர் வாழ்நாளுக்கும் அதற்குப் பிறகு 60 ஆண்டுகளுக்கும் பாதுகாக்கப்படுகின்றன. ஒலிப்பதிவுக்கு, அது முதலில் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். நிகழ்த்துநர் உரிமைக்கு 50 ஆண்டுகள்.

மாஸ்டரின் முதல் உரிமையாளர் யார்? பாடியவர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சட்டம் தயாரிப்பாளரைச் சொல்கிறது: பதிவை முன்னின்று, பொறுப்பேற்று நடத்தியவர். ஸ்டுடியோ வாடகை முதல் மிக்சிங் வரை கம்பெனி ஏற்று நடத்தியிருந்தால் மாஸ்டர் பெரும்பாலும் கம்பெனியுடையது. உங்கள் காசில் நீங்களே பதிவு செய்து, பிறகு கொடுத்திருந்தால், அது முதலில் உங்களுடையதாக இருந்து அக்ரிமென்ட் வழியாகப் போயிருக்கிறது. இந்த இரண்டு நிலைக்கும் மீட்கும் வழி வேறுவேறு. சினிமாப் பாட்டு என்றால் அதைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். படத் தயாரிப்பாளரிடமிருந்து ஆடியோ உரிமை கம்பெனிக்குப் போயிருக்கும். அதிலிருந்து உங்களுக்கு வர வேண்டியது ராயல்டி, அதாவது பாட்டு பயன்படும்போது வரும் பங்குத் தொகை, மட்டும்.

மாஸ்டரும் பப்ளிஷிங்கும் தனித்தனி என்பதன் பலனை உலகமே பார்த்தது டெய்லர் ஸ்விஃப்ட் விஷயத்தில்தான். அவருடைய முதல் ஆறு ஆல்பங்களின் மாஸ்டர்கள் பிக் மெஷின் என்ற கம்பெனியிடம் இருந்தன. 2019-இல் அந்தக் கம்பெனியே இன்னொருவர் கைக்குப் போனது, 2020-இல் மாஸ்டர்கள் ஷாம்ராக் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. ஆனால் பாட்டுகளை எழுதியவர் அவர்தான். அதே பாட்டை மறுபடி பதிவு செய்யக் கூடாது என்ற மறுபதிவுத் தடைக்காலம் முடிந்ததும் 2021 ஏப்ரலிலிருந்து அதே ஆல்பங்களைப் புதிதாகப் பாடி வெளியிட ஆரம்பித்தார். புதிய மாஸ்டர்கள் அவர் பெயரில். 2025 மே மாதம் பழைய மாஸ்டர்களையும் விலைக்கு வாங்கிவிட்டார். அந்த அளவுக்குப் பணம் நம்மிடம் இல்லை, சரி. ஆனால் மறுபதிவு என்ற வழி திறந்ததற்குக் காரணம் பணம் இல்லை. மெட்டும் வரியும் அவர் கையில் இருந்தன, தடைக்காலம் எப்போது முடியும் என்பது காகிதத்தில் தெளிவாக இருந்தது.

அக்ரிமென்ட்டைப் பேனாவோடு படியுங்கள்

நகல் இல்லையா? கம்பெனியிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். கையெழுத்திட்ட நகலைக் கேட்பதில் சண்டை ஒன்றும் இல்லை. கிடைத்ததும் கீழே உள்ளவற்றைத் தேடி அடிக்கோடிடுங்கள்.

நீங்கள் கொடுத்தது உரிமை மாற்றமா, உரிமமா? மாற்றம் என்றால் சொத்தே கைமாறிவிட்டது. உரிமம் என்றால் குறிப்பிட்ட காலத்துக்குப் பயன்படுத்த அனுமதி. ஒரே அக்ரிமென்ட்டில் மாஸ்டருக்கு மாற்றமும் பப்ளிஷிங்குக்கு உரிமமும் இருக்கலாம், ஆகவே தனித்தனியாகப் பாருங்கள்.

காலமும் எல்லையும் எழுதியிருக்கிறதா? சட்டத்தின் 19-ஆம் பிரிவு இங்கே உங்கள் பக்கம் நிற்கிறது. உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடவில்லை என்றால் 5 ஆண்டுகள் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். எந்த நாடுகளுக்கு என்று சொல்லவில்லை என்றால் இந்தியாவுக்கு மட்டும். வாங்கியவர் ஓர் ஆண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தவில்லை என்றால், வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, அது காலாவதியாகும். பதிவு செய்து ஹார்ட் டிஸ்கிலேயே தூங்கும் பாட்டுகள் பலரிடம் உண்டு. கடைசி விதியை அவற்றோடு பொருத்திப் பாருங்கள். கம்பெனிகளின் அக்ரிமென்ட்டில் பெரும்பாலும் ‘உலகம் முழுவதும், உரிமைக் காலம் முடியும்வரை’ என்றுதான் இருக்கும். ஆனால் வாட்ஸ்ஆப்பில் பேசி முடித்து, பிறகு ஒரு பக்கக் கடிதத்தில் கையெழுத்து வாங்கிய கேஸ்களில் எழுதாமல் விட்டால் தானாகப் பொருந்தும் இந்த விதிகள் கதையையே மாற்றிவிடும்.

2012 திருத்தம் இரண்டு முக்கியமான பாதுகாப்புகளைக் கொண்டுவந்தது. கையெழுத்திட்ட காலத்தில் இல்லாத ஊடகம் அல்லது பயன்பாட்டு முறைக்கு, அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிடாமல், உரிமை போகாது. இன்னொன்று, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டி உரிமையைக் கம்பெனிக்கு எழுதிக்கொடுக்கவே முடியாது; வாரிசுக்கோ, ராயல்டியை வசூலித்துத் தரும் காப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும்தான் கொடுக்க முடியும். ‘ஒருமுறை தொகை பெற்றுக்கொண்டேன், இனி எந்த ராயல்டியும் கோர மாட்டேன்’ என்ற வரியைப் பார்த்துப் பயந்துபோய் எதையும் கேட்காமல் இருப்பவர்கள் ஏராளம். எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் அந்த வரி செல்லாது.

அடுத்தது தனியுரிமைக் காலம். எத்தனை பாட்டு, எத்தனை வருடம் அவர்களுக்கு மட்டும் செய்ய வேண்டும்? ஆப்ஷன் என்ற சொல் இருந்தால் நின்று நிதானமாகப் படியுங்கள். நீட்டிக்கும் உரிமை கம்பெனிக்கு மட்டும் இருக்கும், நீங்கள் ‘முடிந்தது’ என்று நினைக்கும் நாளில் அவர்கள் ஒரு கடிதத்தில் இன்னொரு வருடம் சேர்த்துவிடலாம். சில அக்ரிமென்ட்களில் நோட்டீஸ் கொடுக்காவிட்டால் தானாகவே நீளும்.

மறுபதிவுத் தடை. ஒரு பாட்டை மறுபடி பதிவு செய்யக் கூடாத காலம் எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது? பதிவு செய்த நாளா, வெளியான நாளா, அக்ரிமென்ட் முடிந்த நாளா? மூன்றுக்கும் இடையில் பல வருடங்கள் வித்தியாசம் வரும். மெட்டும் வரியும்கூடக் கம்பெனியிடம் இருந்தால், தடைக்காலம் முடிந்தாலும் அவர்கள் அனுமதி தேவை. சட்டத்தின் 31சி பிரிவில் கவர் பதிவுக்கு ஒரு வழி இருக்கிறது. முதல் பதிவு நடந்த ஆண்டு முடிந்து ஐந்து காலண்டர் ஆண்டுகள் கழிய வேண்டும், வருடத்துக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான ராயல்டியை முன்கூட்டியே கட்ட வேண்டும். புதிதாகத் தொடங்குபவருக்கு இது எளிய வழி அல்ல.

பிறகு பணம். முன்பணம் கொடுத்திருந்தால், உங்கள் பங்கிலிருந்து அதை ஈடுகட்டிய பிறகுதான் ராயல்டி வரும். எந்தச் செலவெல்லாம் உங்கள் கணக்கில் ஏறும்? வீடியோ செலவு முழுதா, பாதியா? ஒரு பாட்டின் நஷ்டத்தை இன்னொரு பாட்டின் வருமானத்திலிருந்து கழிக்க அனுமதி இருக்கிறதா? கணக்கைத் தணிக்கை செய்யும் உரிமை எழுதியிருந்தால் அது எத்தனை வருடத்துக்கு?

கடைசியாக ஒன்று. இதை வக்கீல்களே சில நேரம் கவனிப்பதில்லை. உங்கள் பெயரிலுள்ள யூடியூப் சேனல், இன்ஸ்டாகிராம், ஸ்பாட்டிஃபை கலைஞர் பக்கம் ஆகியவற்றின் லாகின் யாரிடம் இருக்கிறது? மேடைப் பெயரின் டிரேட்மார்க் யார் பெயரில்?

வெளியே வரும் விதம்

வெளியேறுவதை மேடையிலோ லைவிலோ அறிவிக்காதீர்கள், குறைந்தபட்சம் காகிதங்கள் கைக்கு வரும் வரை. கம்பெனியில் இருப்பவர்களும் இதே ஊரில்தான் நாளைக்கும் தொழில் செய்வார்கள், பிளேலிஸ்ட், மேடை, படம் என்று எங்காவது எதிர்ப்படுவார்கள்.

அக்ரிமென்ட் சொல்லும் முறையில், சொல்லும் முகவரிக்கு, கெடு தேதிக்கு முன் நோட்டீஸ் அனுப்புங்கள். ஸ்பீட் போஸ்ட்டும் மின்னஞ்சலும் இரண்டும் போகட்டும். அதோடு இன்றுவரையிலான முழுக் கணக்கறிக்கையையும் கேளுங்கள். எவ்வளவு ஈடுகட்டப்பட்டது, எவ்வளவு பாக்கி என்பது தெரியாமல் பேரம் பேச முடியாது.

பேரத்தில் என்ன கேட்கலாம்? மாஸ்டரை விலைக்குக் கேட்கலாம். பெரிதாக ஓடாத பாட்டுகள் கம்பெனிக்குப் பாரம்தான், அவற்றை ஈடுகட்டாத பாக்கித் தொகைக்கே தருகிறவர்கள் உண்டு. விற்க மாட்டோம் என்றால், நிரந்தர மாற்றத்தைப் பத்தாண்டு உரிமமாக மாற்றும்படி கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் மறுபதிவுத் தடைக்காலத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். ஹிட் பாட்டைத் தர மாட்டார்கள். அதன் மேல் சக்தியை வீணாக்குவதைவிட, அதற்கான ராயல்டி ஒழுங்காக வரும்படி செய்துகொண்டு நகர்வது மேல் என்பது என் கருத்து.

எது முடிவானாலும் ஓர் என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற) கடிதம் வாங்குங்கள். அதில் மூன்று விஷயங்கள் இருந்தே ஆக வேண்டும்: தனியுரிமைக் காலம் முடிந்துவிட்டது, இந்தத் தேதிக்குப் பிறகு நீங்கள் செய்யும் பதிவுகளில் அவர்களுக்கு உரிமை இல்லை, பழைய பாட்டுகளை மேடையில் பாட ஆட்சேபணை இல்லை. கடிதத்தோடு லாகின்களையும் வாங்கிவிடுங்கள். மாஸ்டர் உங்களிடம் திரும்பினால் அதன் முழுத் தர ஒலிக்கோப்பு, ஸ்டெம்கள் (குரல், வாத்தியம் என்று பிரித்த தனித்தனி ஒலிக்கோப்புகள்), ஒலிப்பதிவுகளின் அடையாளமான ஐ.எஸ்.ஆர்.சி. எண்கள், கலைஞர்களின் ஒப்புதல் கடிதங்கள் எல்லாம் சேர்ந்தே வர வேண்டும்.

லேபிளைப் பதிவு செய்வது

இதை நீட்ட வேண்டியதில்லை. தனியாள் என்றால் தனிநபர் நிறுவனமாகவே (புரொப்ரைட்டர்ஷிப்) தொடங்கலாம்: பான், நடப்புக் கணக்கு, சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு போதும். உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. காசு கேட்கும் இணையதளம் அரசுடையது அல்ல. இரண்டு, மூன்று பேர் பங்காளிகள் என்றால் எல்எல்பி (வரையறுத்த பொறுப்புள்ள கூட்டு நிறுவனம்) நல்லது, ஏனென்றால் நட்பு முறியும்போது எதை எப்படிப் பிரிப்பது என்று அதன் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். வெளி முதலீடு வரப்போகிறது என்றால் மட்டும் பிரைவேட் லிமிடெட்.

லேபிள் பெயரை டிரேட்மார்க் தளத்தில் தேடிப் பார்த்துவிட்டு 41-ஆம் வகுப்பில் (பொழுதுபோக்குச் சேவைகள்) விண்ணப்பியுங்கள், முடிந்தால் 9-ஆம் வகுப்பிலும் (ஒலிப்பதிவுகள்). தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். மேடைப் பெயரை உங்கள் சொந்தப் பெயரில் பதிவு செய்யுங்கள், லேபிள் பெயரில் வேண்டாம். நாளைக்கு லேபிளை விற்க நேர்ந்தால் பெயரும் சேர்ந்து போய்விடும்.

ஜிஎஸ்டியில் ஒரு பொறி இருக்கிறது. தமிழ்நாட்டில் சேவைக்கு ஆண்டு வருமானம் 20 லட்சம் தாண்டினால்தான் பதிவு என்று எல்லாரும் சொல்வார்கள். ஆனால் ஓர் இசையமைப்பாளரிடமிருந்து மெட்டின் உரிமையை ஒரு மியூசிக் கம்பெனி வாங்கினால், வரி கட்டும் பொறுப்பு வாங்கும் கம்பெனியின் தலையில் விழுகிறது. இதைத் தலைகீழ் வரி முறை என்பார்கள். அப்படிக் கட்ட வேண்டியவருக்கு 20 லட்சம் வரம்பு பொருந்தாது. நேற்றுவரை நீங்கள் விற்பவர், இன்று நீங்கள்தான் அந்த வாங்கும் கம்பெனி. வெளியாள் மெட்டை வாங்குவதற்கு முன்பே ஆடிட்டரிடம் இதைப் பேசிவிடுங்கள்.

ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு ஃபைல்

நல்ல லேபிளையும் பெயரளவு லேபிளையும் பிரிப்பது இந்த வேலைதான். நிலம் வாங்குபவர் தாய்ப்பத்திரத்திலிருந்து கேட்பது போல, நாளைக்கு உங்கள் பாட்டை விளம்பரத்துக்கோ வெப் சீரிஸுக்கோ எடுப்பவர்கள் காகிதத் தொடர்ச்சியைக் கேட்பார்கள். ஓர் இடத்தில் அறுந்திருந்தால் வேறு பாட்டுக்குப் போய்விடுவார்கள்.

பதிவு முடிந்த அன்றே ஸ்டுடியோவில் வைத்துப் பங்கீட்டுத் தாள் எழுதுங்கள். மெட்டு யார், எத்தனை சதவீதம். வரி யார், எத்தனை. மாஸ்டரில் யாருக்குப் பங்கு. டீ குடித்துக்கொண்டே பத்து நிமிடத்தில் முடியும். பாட்டு ஓடிய பிறகு இதே பேச்சு பத்து மாதம் இழுக்கும். பீட் (பாட்டின் பின்னணித் தாள இசை) செய்தவருக்கு மெட்டில் பங்கா, மாஸ்டரில் பங்கா, இல்லை சம்பளம் மட்டுமா என்பதை அங்கேயே தெளிவாக்குங்கள். ராப் பாட்டுகளில் சண்டை வருவது பெரும்பாலும் இங்கேதான்.

பறை, நாதஸ்வரம், கோரஸ் என்று வந்து வாசித்துவிட்டு அன்றைய சம்பளத்தை ரொக்கமாக வாங்கிப் போகும் கலைஞர்களிடம் யாரும் எதுவும் எழுதி வாங்குவதில்லை. அவர்களுக்கும் நிகழ்த்துநர் உரிமை உண்டு, பெயர் வர வேண்டிய தார்மீக உரிமையும் உண்டு. ஒரு பக்கத்தில், தமிழில், அவர்களுக்குப் புரியும்படி எழுதுங்கள்: என்ன பாட்டு, எவ்வளவு தொகை, பெயர் எங்கே வரும், பிறகு வருமானத்தில் பங்கு உண்டா இல்லையா. படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கி, ஒரு நகலைக் கொடுத்தும் அனுப்புங்கள். பழைய கம்பெனி உங்களிடம் ஆங்கிலத்தில் இருபது பக்கத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கியது நினைவிருந்தால் இதைச் செய்யத் தோன்றும்.

இணையத்தில் வாங்கிய பீட் என்றால் லைசென்ஸைப் படியுங்கள். மலிவானவற்றில் இத்தனை ஸ்ட்ரீம் வரைதான் என்று உச்சவரம்பு இருக்கும், அதே பீட்டை இன்னும் பலருக்கும் விற்றிருப்பார்கள். ஒரே ஒலி வரும் வீடியோக்களைத் தேடிப் பிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடியில் அதை ஏற்றினால் மற்றவர்கள் பாட்டின் மேல் உங்கள் உரிமைக்கோரல் போய் விழும், அவர்களுடையது உங்கள் மேல் விழும்.

பழைய பாட்டை எடுத்தாளும்போது வருடக் கணக்குப் பாருங்கள். பாரதியார் 1921-இல் மறைந்தவர், அவர் எழுத்து எல்லாருக்கும் பொது. தியாகராஜர் கீர்த்தனை பற்றிக் கேள்வியே இல்லை. ஆனால் கச்சேரி மேடையில் தினமும் ஒலிப்பதாலேயே பாபநாசம் சிவன் பாட்டும் பொது என்று நினைத்துவிடக் கூடாது. அவர் மறைந்தது 1973, ஆகவே 2033 முடியும் வரை உரிமை உண்டு. கண்ணதாசன் வரிகளுக்கு 2041 முடியும் வரை. பாரதியார் பாட்டுக்கும் இன்னொருவர் போட்ட மெட்டை எடுத்தால் அந்த மெட்டின் உரிமை தனி. நாட்டுப்புறப் பாட்டு என்றால் யாரிடமிருந்து கேட்டு எழுதினீர்களோ அவர் பெயரைப் போடுங்கள். சட்டம் கேட்காவிட்டாலும் போடுங்கள்.

காப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்வது கட்டாயம் இல்லை, உரிமை படைத்தவுடனே பிறந்துவிடும். வழக்கு என்று வந்தால் பதிவு உதவும். இசைப்படைப்புக்கு 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2,000 ரூபாய். எல்லாப் பாட்டுக்கும் செலவழிக்க முடியாதவர்கள் நம்பிக்கையான இரண்டு, மூன்று பாட்டுக்குச் செய்தால் போதும்.

எண்களும் எழுத்துக்கூட்டலும்

ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்ற, எழுத்தும் எண்ணும் கலந்த 12 இடக் குறியீடு உண்டு. இந்தியாவில் இதை வழங்குவது மும்பையிலுள்ள இந்தியன் மியூசிக் இண்டஸ்ட்ரி அமைப்பு. பாட்டைச் செயலிகளுக்கு அனுப்பும் விநியோகஸ்தர்களும் இலவசமாகவே ஓர் எண் தருவார்கள், ஆனால் லேபிள் என்று இறங்கிய பிறகு சொந்த முன்னொட்டு (குறியீட்டின் தொடக்கப் பகுதி) வாங்கிவிடுவது நல்லது. எந்தப் பாட்டுக்கு எந்த எண் என்ற பட்டியலை நீங்களே வைத்திருங்கள்.

மாஸ்டர் திரும்பக் கிடைத்த பழைய பாட்டைப் புதிய விநியோகஸ்தர் வழியாக ஏற்றும்போது அதே ஐ.எஸ்.ஆர்.சி., அதே ஒலிக்கோப்பு, அதே தலைப்பு, அதே கலைஞர் பெயரைக் கொடுங்கள். புதியது செயலிகளில் வெளியான பிறகே பழையதை இறக்கச் சொல்லுங்கள். இப்படிச் செய்தால் கேட்கப்பட்ட எண்ணிக்கை பொதுவாகக் கூடவே வரும். பழையதை முதலில் இறக்கிவிட்டால் பிளேலிஸ்ட்களிலிருந்தும் காணாமல் போகும். மறுபதிவு என்றால் நேர்மாறு: அது புதிய ஒலிப்பதிவு, அதற்குப் புதிய எண் வேண்டும்.

தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரே எழுத்துக்கூட்டலை முடிவு செய்து எல்லா இடத்திலும் அதையே பயன்படுத்துங்கள். ஓர் ஆங்கில எச் எழுத்து கூடினால் செயலிகள் அதை வேறு கலைஞர் என்று எடுத்துக்கொண்டு இன்னொரு பக்கம் திறந்துவிடும். பாடலாசிரியர் பெயரையும் கட்டத்தில் நிரப்புங்கள், காலியாக விடாதீர்கள்.

விநியோகஸ்தர்

லேபிள் தொடங்கினாலும் ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக், ஜியோசாவன் போன்றவற்றோடு நேரடி ஒப்பந்தம் கிடைக்காது. நடுவில் ஒருவர் வேண்டும். டிஸ்ட்ரோகிட் ஆண்டுச் சந்தா வாங்குகிறது. சந்தா நின்றால், அதற்கென்று தனிக் கட்டணம் கட்டியிருந்தாலொழிய, பாட்டும் இறங்கலாம். சிடி பேபி ஒருமுறைக் கட்டணம் வாங்கி, டிஜிட்டல் வருமானத்தில் 9 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. ட்யூன்கோர் இப்போது பிலீவ் நிறுவனத்துடையது. ஒரே கணக்கில் பல கலைஞர்களை ஏற்ற வேண்டும் என்றால் லேபிள் திட்டமாக எடுக்க வேண்டும், விலை கூடும். கையெழுத்திடும் முன் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்: காலர் டியூன் அனுப்புவார்களா, கன்டென்ட் ஐடிக்கு எத்தனை சதவீதம், வேறிடம் போக எத்தனை நாள் நோட்டீஸ், ரூபாயில் வங்கிக்கு வருமா.

பெரிய கம்பெனியின் நிழல் படாத விநியோகஸ்தர்தான் வேண்டும் என்று அலைய வேண்டாம். இங்கிலாந்துப் பாடகி ரே, பாலிடார் கம்பெனி தன் ஆல்பத்தை வெளியிடவே விடவில்லை என்று 2021-இல் பகிரங்கமாகச் சொல்லி வெளியே வந்தார். 2023 ஜனவரியில் அவருடைய பாட்டு அங்கே முதலிடம் பிடித்தது, 2024-இல் பிரிட் விருதுகளில் ஒரே இரவில் ஆறு வென்றார். அவர் விநியோகத்துக்கு எடுத்துக்கொண்ட நிறுவனம் சோனி குழுமத்தைச் சேர்ந்ததுதான்.

பணம் வரும் வழிகள்

விநியோகஸ்தர் அனுப்புவது மாஸ்டர் பணம் மட்டும். மெட்டுக்கும் வரிக்கும் வர வேண்டியதை ஐ.பி.ஆர்.எஸ். என்ற காப்புரிமைச் சங்கம் வசூலிக்கிறது. 1969-இல் தொடங்கிய அமைப்பு இது. இசையமைப்பாளராகவோ பாடலாசிரியராகவோ உறுப்பினராகுங்கள். பப்ளிஷிங்கை லேபிள் வைத்திருந்தால் லேபிளும் உரிமையாளராகத் தனியாகச் சேர வேண்டும். சேர்ந்தால் மட்டும் போதாது, ஒவ்வொரு பாட்டையும் பங்கீட்டோடு பதிவு செய்தால்தான் பணம் ஆளைத் தேடி வரும். பாடகர்கள், வாத்தியக் கலைஞர்களின் நிகழ்த்துநர் ராயல்டிக்கு இஸாம்ரா இருக்கிறது. மலேசியாவில் எம்.ஏ.சி.பி., சிங்கப்பூரில் காம்பஸ், கனடாவில் சோகன் என்று பப்ளிஷிங் சங்கங்கள் உண்டு.

அமெரிக்க நிறுவனங்கள் வழியாக வரும் பணத்துக்கு டபிள்யூ-8 பென் படிவத்தைப் பான் எண்ணோடு நிரப்புங்கள். நிரப்பாவிட்டால் அங்கிருந்து வரும் ராயல்டியில் 30 சதவீதம் பிடிப்பார்கள், இரு நாட்டு வரி ஒப்பந்தப்படி அது 15 ஆகக் குறையும். பிடித்த வரியை இங்கே கணக்குக் காட்டும்போது கழித்துக்கொள்ளலாம், ஆடிட்டரிடம் ஆதாரத்தைக் கொடுங்கள்.

ஸ்ட்ரீமிங்கை மட்டும் நம்பி வாடகை கட்ட முடியாது. 2024 முதல் ஸ்பாட்டிஃபையில், கடந்த 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு மாஸ்டர் ராயல்டியே கிடையாது. ‘லட்சம் ஸ்ட்ரீம் வாங்கித் தருகிறோம்’ என்று வாட்ஸ்ஆப்பில் வருபவர்களிடம் போகாதீர்கள். போலி ஸ்ட்ரீம் பிடிபட்டால் விநியோகஸ்தருக்கு அபராதம் விழும், அவர் அதை உங்கள் கணக்கில் கழிப்பார், பாட்டையும் இறக்கிவிடுவார். கல்லூரி நிகழ்ச்சி, கல்யாண மேடை, விளம்பர ஜிங்கிள் என்று எது ஏற்கெனவே சோறு போடுகிறதோ அதை லேபிளின் முதல் வருடத்தில் விடாதீர்கள்.

முதல் வெளியீடு

வெளியீட்டுத் தேதிக்கு மூன்று, நான்கு வாரம் முன்பே ஏற்றிவிடுங்கள். ஸ்பாட்டிஃபையின் ஆசிரியர் குழுவுக்குப் பாட்டைப் பரிந்துரைக்கக் குறைந்தது 7 நாள் முன்பாவது அது அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை உலக வழக்கம். நம் ஊரில் அன்றுதான் படங்களும் வரும், பெரிய படம் வரும் வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். அட்டையிலும் விவரப் பகுதியிலும் வட்டத்துக்குள் பி எழுத்துக்குப் பக்கத்தில் மாஸ்டர் உரிமையாளர் பெயரும் ஆண்டும் வரட்டும், வட்டத்துக்குள் சி-க்குப் பக்கத்தில் அட்டை மற்றும் பிற உரிமைகளுக்கு உரியவர் பெயர். இப்போது இரண்டு இடத்திலும் உங்கள் லேபிள் பெயர்தான்.

இன்னொருவரைச் சேர்க்கும்போது

சில பாட்டுகள் நன்றாகப் போனதும் இளைய கலைஞர்கள் வந்து ‘அண்ணா, எங்க பாட்டையும் நீங்களே ரிலீஸ் பண்ணுங்க’ என்பார்கள். அவசரப்பட்டுப் பழைய கம்பெனியின் அக்ரிமென்ட்டில் பெயரை மட்டும் மாற்றி நீட்டிவிடாதீர்கள். நடக்காது என்று சொல்லாதீர்கள், கையில் இருக்கும் ஒரே மாதிரி அதுதான் என்பதால் நிறையப் பேர் அதைத்தான் செய்கிறார்கள்.

மாஸ்டரை நிரந்தரமாக எழுதி வாங்காமல் ஐந்து அல்லது ஏழு ஆண்டு உரிமமாக வாங்குங்கள். முடிந்ததும் என்ன நடக்கும், ஐ.எஸ்.ஆர்.சி. எப்படிக் கைமாறும் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். மறுபதிவுத் தடை இருந்தால் அதன் முடிவுத் தேதியை நாள், மாதம், வருடமாகவே போடுங்கள். செலவுக்கு ஓர் உச்சவரம்பு வையுங்கள், அதைத் தாண்டும் செலவுக்குக் கலைஞரின் சம்மதம் எழுத்தில் வேண்டும். பங்கு மொத்த வருமானத்திலா, செலவு போக மிச்சத்திலா என்று ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கோடு காட்டுங்கள்: ‘10,000 ரூபாய் வந்தால் உனக்கு இவ்வளவு’ என்று. சேனல் லாகின் கலைஞரிடமே இருக்கட்டும், உங்களுக்கு மேலாளர் அனுமதி போதும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்கறிக்கை என்றால் ஜூன் 30, டிசம்பர் 31 என்று தேதி போட்டு, அதிலிருந்து 45 நாளுக்குள் தருவதாக எழுதுங்கள். வருமானம் 200 ரூபாய்தான் என்றாலும் அறிக்கை போக வேண்டும். அதற்கான எக்செல் தாளை முதல் கலைஞர் கையெழுத்திடும் முன்பே தயார் செய்துவிடுங்கள். விநியோகஸ்தரின் மாத அறிக்கையை அதில் இறக்கி, ஐ.எஸ்.ஆர்.சி. வாரியாகப் பிரித்தாலே கணக்கு வந்துவிடும்.